தானப் பத்திரத்துக்குப் பிறகு

நகர்மன்றக் கூட்டம் என்றதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு வெளிநடப்பும் மைக்கைப் பிடுங்குவதும்தான் நினைவுக்கு வரும். நகராட்சி அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல், அதில் பெரும்பகுதி மன்றப் பிரிவிலும் நகரமைப்புப் பிரிவிலும் வேலை பார்த்த எனக்கு அந்தக் கூச்சல் ஒரு பொருட்டாகத் தோன்றியதில்லை. கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்குச் சார்பு செய்யப்படும் அஜெண்டாவிலேயே முடிவு இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு என்று ஐந்தாறு வரி. மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதியிலிருந்து செலவு, யாருடைய ஒப்பந்தப்புள்ளி குறைவு என்ற விவரம், கடைசியில் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்’ என்ற வழக்கமான வால். அவசரம் என்று வேலையை முன்பே முடித்திருந்தால், மன்ற அனுமதியை எதிர்நோக்கிச் செய்த செலவுக்குப் பின்னேற்பு கேட்டு அதே பாணியில் இன்னொரு குறிப்பு. அந்தக் குறிப்பில் எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மன்றத்தில் பேச்சே நடக்கும். தெருவிளக்கு, குழாய் உடைப்பு, கால்வாய் தூர் வாருதல், நாய்த்தொல்லை எல்லாம் வரும். ஊர் இனி எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிற மனைப்பிரிவு மட்டும் வராது. வந்தாலும் ஒரே வரியில், பதிவுக்காக வந்துபோகும்.

ஒரு நிலத்தை மனைகளாகப் பிரிக்க அனுமதிப்பதும், அங்கே வந்து சேரப்போகிற மக்களுக்குத் தண்ணீர், வடிகால், பூங்கா, அங்கன்வாடி கொடுப்பதும் ஒரே முடிவு என்பதே இத்தனை கோப்புகளைப் பார்த்தபின் எனக்கு உறுதிப்பட்டிருப்பது. அதை நாம் இரண்டு கோப்புகளாக்கி, இரண்டு அலுவலகங்களில், பல ஆண்டு இடைவெளியில் எடுக்கிறோம். பத்திரிகை அடித்து ஊரையே அழைத்துவிட்டு அடுப்பு மூட்டாமல் இருக்கும் கல்யாண வீடு மாதிரி. மனை போட்டவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார். மனை வாங்கியவர் சில வருடம் கழித்து வீடு கட்டி, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து, மனுவோடு வருகிறார். கவுன்சிலர் அந்த மனுவை மன்றத்தில் வாசிக்கிறார். நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்று நாங்கள் பதில் எழுதுகிறோம். மனை போட்டவரிடம் நிபந்தனை போடக்கூடிய நேரம் ஒன்று இருந்தது; அனுமதி கையெழுத்தாவதற்கு முந்தைய சில வாரங்கள். அந்த வாரங்களில் மன்றத்துக்கு அப்படியொரு மனைப்பிரிவு வருகிறது என்பதே தெரிந்திருக்காது.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய 18 பொருள்களைப் பட்டியலிட்டார்கள். அதில் முதலாவது நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடம் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துதல். குடிநீரும் பூங்காவும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு வெகு முன்பே வேலைகளைத் துண்டுதுண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் திட்டமிடலை நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமும், சென்னையைப் பொறுத்தவரை சி.எம்.டி.ஏ.விடமும் கொண்டுபோனது. சென்னையின் குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநகராட்சியிடமிருந்து தனி வாரியத்துக்குப் போயின. இந்தப் பிரிவினைகளுக்கு நியாயம் இருந்தது. பெரிய குழாய்த் திட்டத்தை ஒரு நகராட்சிப் பொறியாளர் தனியாகப் போட முடியாது. மண்டல அளவிலான வரைபடத்தை வார்டு கணக்கில் வரைய முடியாது. ஆனால் பிரித்தவர்கள், பிரிந்தவை மறுபடி ஓரிடத்தில் சந்திக்க வழி செய்யவில்லை. அந்த இடம் மன்றமாக இருந்திருக்க வேண்டும். 1993க்குப் பிறகும் சட்டப் புத்தகத்தில் நகராட்சியின் பெயர் ஏறியதே தவிர, கோப்பு போகும் வழி மாறவில்லை.

மன்றம் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே நூறாண்டுப் பழைய சான்று உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரம்பு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1925இல் நின்றும் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்ய மேலிருந்த அரசு ஒப்புக்கொள்ளவில்லை என்பதே காரணம். மதிய உணவுத் திட்டத்தின் வரலாற்றைப் பெருமையோடு சொல்கிறவர்கள் 1920ஐச் சொல்லி 1925ஐ விட்டுவிடுகிறார்கள். மன்றப் பிரிவில் இருந்தவனுக்கு இரண்டாவது ஆண்டுதான் கண்ணில் படும். அந்த மன்றத்துக்கு எண்ணமும் இருந்தது, பள்ளியும் இருந்தது. எந்தத் தலைப்பில் செலவை எழுதுவது என்பது அதன் கையில் இல்லை. நிதியும் முடிவும் ஒரே மேசையில் இல்லாத சேவை நிலைக்காது என்பதை இன்றைய மனைப்பிரிவு விவகாரத்தில் அப்படியே காணலாம்.

மனைப்பிரிவில் ஊருக்குச் சேர வேண்டியது எப்படிக் கைநழுவுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்கள் இதை ஊழல் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதைவிடச் சாதாரணமான ஒன்று. மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரிக்கும்போது, சாலைகள் போக மீதிப் பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். பேச்சு வழக்கில் ஓ.எஸ்.ஆர். நிலம். பத்தாயிரம் சதுர மீட்டர் வரை, இடம் ஒதுக்க முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் நிலமாகவே தர வேண்டும். வரைபடத்தில் அந்தத் துண்டுக்குப் பச்சை வண்ணம். உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே, ஓடைக் கரையில், முக்கோணமாக மிஞ்சிய மூலையில் என்று மனைக்கு ஆகாத இடமாகப் பார்த்துப் பச்சை அடிப்பது வரைபடக்காரர்களுக்குக் கைவந்த கலை. சாலைகளையும் பூங்காவையும் உரிமையாளர் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த பிறகே இறுதி அனுமதி கிடைக்கும். பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி வருகிறது. நகல் கோப்பில் சேர்கிறது. ‘பெறப்பட்ட விவரம் மன்றத்தின் பதிவுக்கு’ என்று ஒரு வரி அஜெண்டாவில் ஏறுகிறது. எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைக்கிற இடம் அதுதான். உண்மையில் பாதி வேலைகூட ஆகியிருக்காது. அந்தத் துண்டை அளந்து, சர்வே எண்ணில் உட்பிரிவு செய்து, பட்டாவை நகராட்சி பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். நில அளவையர் வர வேண்டும். கல் நட வேண்டும். இதைச் செய்தே தீர வேண்டிய பொறுப்பு நகராட்சியில் எந்த நாற்காலிக்கும் எழுதப்பட்டதாக நான் பார்த்ததில்லை. நகரமைப்பு ஆய்வாளருக்கு அடுத்த கோப்பு வந்துவிடும். பொறியியல் பிரிவு, நிதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும்.

ஆகவே வருவாய்ப் பதிவேட்டில் அந்தப் பூங்கா, தானம் கொடுத்தவரின் பெயரிலேயே கிடக்கும். அவர் காலமான பின் வாரிசுகள் பட்டா மாறுதல் கேட்பார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே விவரம் தெரியாதவர்கள். தகப்பனார் பேரில் நிலம் இருக்கிறது, கேட்கிறார்கள். சிலருக்கு எல்லாம் தெரியும். பிறகு ஒரு விற்பனைப் பத்திரம், ஒரு வேலி, ஒரு தகரக் கொட்டகை, கடைசியில் நீதிமன்ற வழக்கு. வழக்கில் நகராட்சி பெரும்பாலும் தோற்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு பயனுக்கு மாற்றுவதில் நீதிமன்றங்கள் கடுமையாகவே இருந்திருக்கின்றன. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனையும் பொது நன்மைதானே என்ற வாதம் எடுபடவில்லை. சிக்கல் வேறு. வழக்கு போட ஊருக்கு முதலில் அப்படி ஓர் இடம் இருப்பது தெரிய வேண்டும். பூங்கா கேட்டு மனு கொடுக்கிற தெருக்காரர்கள் பல பேருக்கு, தங்கள் மனைப்பிரிவில் பூங்கா வரைபடத்தில் இருந்தது என்பதே தெரியாது. அனுமதி பெற்ற வரைபடத்தை மனை வாங்கும்போது ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டவரும் தன் மனை எண்ணை மட்டும்தான் பார்த்திருப்பார்.

இதெல்லாம் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவின் கதை. அங்கீகாரமில்லாதவற்றில் பச்சைத் துண்டே கிடையாது. நகராட்சி எல்லையை ஒட்டிய ஊராட்சிகளில், பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரையோடு ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விற்கப்பட்ட மனைகளுக்குக் கணக்கே இல்லை. அப்படி அனுமதி கொடுக்கும் அதிகாரம் தலைவர்களுக்கு இருந்ததில்லை. வாங்கியவர்களுக்கு முத்திரையே போதுமானதாக இருந்தது, பத்திரப்பதிவும் தடையில்லாமல் நடந்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டபோது மாநிலம் முழுக்க மனை வியாபாரம் ஸ்தம்பித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தலாம் என்றார்கள். அதற்குள் பல இடங்களில் ஊராட்சியே நகரத்துக்குள் வந்துவிட்டிருந்தது. சென்னை மாநகராட்சி 2011இல் 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள் அதற்குள் வந்தன. வேறு யாரோ, வேறு ஏதோ காலத்தில் அனுமதித்த அல்லது கண்டுகொள்ளாமல் விட்ட தெருக்களுக்கெல்லாம் வடிகால் போடும் கடமை புதிய மன்றத்தின் தலையில் விழுந்தது. அந்தப் பகுதிகளின் மழைநீர் வடிகாலுக்கு வெளிநாட்டு வங்கிக் கடன் வாங்க வேண்டியிருந்ததையும், இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வேலை பகுதி பகுதியாக நடப்பதையும் சென்னைவாசிகள் அறிவார்கள். அனுமதி கொடுத்த அன்று விற்பவரின் லாபத்திலிருந்து பிடித்திருக்க வேண்டிய செலவு அது.

அனுமதியின்போது பணமே வாங்குவதில்லையா என்று கேட்கலாம். வாங்குகிறோம். வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் என்று செலான் நீளமாகவே இருக்கும். அடிப்படை வசதிக் கட்டணம் மாநில அளவிலான ஒரு நிதியில் போய்ச் சேர்கிறது. திட்டம் எழுதி, ஒப்புதல் வாங்கி, அங்கிருந்து திரும்பப் பெற வேண்டும். எந்தத் தெருவுக்காகக் கட்டினாரோ அந்தத் தெருவுக்கு அது திரும்பி வரும் என்று விண்ணப்பதாரரிடம் யாரும் உறுதி சொல்ல முடியாது. மன்றத்தின் கையில் மிஞ்சுவது சொத்து வரி. அதிலும் சுதந்திரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018இல் உயர்த்தினார்கள்; 2019இல் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில், சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு என்று தொடங்கி 1,800க்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்ந்தது. பதினைந்தாவது நிதிக்குழு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்கு அடிமட்ட விகிதம் அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் இருந்தது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த மன்றங்களுக்கு அஜெண்டாவில் அரசாணை இணைத்து அனுப்பப்பட்டது. எதிர்த்துப் பேசலாம், நிராகரித்தால் மானியம் போய்விடும். வரியை நகர்மன்றம் உயர்த்தியது என்று மறுநாள் செய்தி வரும்.

மன்றத்துக்கு அனுமதியில் பங்கு கொடுத்தால் ஒவ்வொரு கவுன்சிலரும் ஒரு வசூல் மையமாகிவிடுவார் என்பது இதற்கு எழும் முதல் ஆட்சேபம். அதிகாரிகள் மட்டுமல்ல, கட்டடம் கட்டுகிற பொதுமக்களும் இதைத்தான் சொல்வார்கள். செங்கல் இறங்கியதும் வார்டில் யார் வந்து நிற்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் அந்த வசூல் நடப்பது மன்றத்துக்கு அதிகாரம் இருப்பதால் இல்லை. வீட்டு வரைபட அனுமதி எப்போதும் ஆணையரின் அதிகாரம்தான். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில், ஆணையர் கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பதாரர் மன்றத்திடம் முறையிடலாம் என்று ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போனவர்களை நான் அறியேன். வெளிப்படையான அதிகாரம் எதுவும் இல்லாதவருக்கு மறைவான செல்வாக்கு மட்டுமே மிஞ்சுகிறது. நான் கேட்பது கவுன்சிலரின் கையெழுத்தும் இல்லை, தனி வீடுகளும் இல்லை. மனைப்பிரிவு ஒவ்வொன்றும் இறுதி அனுமதிக்கு முன்பு, தண்ணீர் எங்கிருந்து, வடிகால் எதில் போய்ச் சேரும், பூங்கா எந்த இடம், யார் செலவு என்ற நான்கு கேள்விக்கான பதிலோடு மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். பேச்சு நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். நாற்பது பேர் முன்னால் பேசுகிற விஷயத்தில் பேரம் பேசுவது, மொட்டை மாடியில் நின்று பேசுவதைவிடக் கடினம்.

மன்றமே இல்லாமலும் நகராட்சிகள் ஓடினவே என்பார்கள் சில சக அதிகாரிகள். ஓடின. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான். ஆணையரே தனி அலுவலர். ஆணையர் என்ற முறையில் குறிப்பை முன்வைத்து, தனி அலுவலர் என்ற முறையில் அதே கை அதை அனுமதித்துக் கையெழுத்திடும். கோப்புகள் வேகமாகவே நகர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்க ஆள் இல்லாதபோது எல்லாக் கோப்பும் வேகமாகத்தான் போகும். வீதியில் தண்ணீர் நின்றால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை என்பது அந்தக் காலத்தின் மறுபக்கம். கோப்பில் அதற்கு இடமில்லை. 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சிகளுக்கு உறுப்பினர்கள் வந்தபின் மனுக்கள் பெருகின. அதை நிர்வாகச் சுமை என்று எழுதியவர்களும் உண்டு.

ஆன்லைன் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பது இன்னொரு வாதம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு தளமும் கட்ட உரிமையாளரே சான்றளித்து உடனடியாக அனுமதி பெறலாம். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அம்மோனியா பிரிண்ட் நகல்களோடும் லைசென்ஸ் சர்வேயரோடும் வராந்தாவில் காத்து நின்ற நடுத்தரக் குடும்பங்களைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டுக்காரருக்கு உடனடி அனுமதி கொடுக்க முடிகிறது என்றால், அந்த மனைப்பிரிவு முன்பே ஒழுங்காகப் போடப்பட்டது என்ற நம்பிக்கையில்தான். சின்ன அனுமதி எளிதாக ஆக, பெரிய அனுமதியில் கவனம் கூட வேண்டும். அனுமதியோடு சேவையை முடிச்சுப் போட்டால் நடைமுறைக்கு வராது என்பதற்கும் ஒரு பதில் உண்டு. மழைநீர் சேகரிப்பை 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று சட்டம் வந்தபோது, சில மாதங்களில் தெருத்தெருவாகக் குழாய் இறங்கியது. அவற்றில் எத்தனை இன்று அடைத்துக் கிடக்கின்றன என்பது வேறு விஷயம். பராமரிப்பு யார் பொறுப்பு என்று அப்போதும் எழுதாமல் விட்டார்கள்.

எனக்கு எளிதில் பதில் கிடைக்காத ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. சாலை, வடிகால், பூங்கா எல்லாம் முன்கூட்டியே கேட்டால் மனை விலை ஏறும்; அங்கீகாரமில்லாத மனைகளை வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை, அவர்களால் வாங்க முடிந்தது அதுதான். ஆட்டோ ஓட்டுநர், கட்டட மேஸ்திரி, சத்துணவு அமைப்பாளர் என்று தவணையில் பணம் கட்டி ஒரு கிரவுண்டில் பாதி வாங்கியவர்கள் அவர்கள். விதியை இறுக்கினால் அவர்கள் ஊரைவிட்டு இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போவார்கள். 2016 தடைக்குப் பின் நடுவில் மாட்டிக்கொண்டவர்களும் அவர்கள்தான். மனை போட்டவர்கள் இல்லை. இதை மறுக்க என்னால் முடியாது. மலிவாக வாங்கிய மனைக்குப் பிறகு லாரித் தண்ணீருக்கும், மண்ணடித்து மனையை உயர்த்துவதற்கும், செப்டிக் டேங்க் வண்டிக்கும், வரன்முறைக் கட்டணத்துக்கும் அவர்கள் கொடுத்ததைக் கூட்டினால் அது மலிவாக இருக்காது என்பதை மட்டும் சொல்ல முடியும். ஏழைகளுக்கான மனையில் திறந்தவெளியைக் குறைக்கலாமா, வடிகாலுக்கு அரசு மானியம் தரலாமா என்பதெல்லாம் மன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டிய கேள்விகள். பேசாமலே விட்டதன் விளைவில்தான் இப்போது இருக்கிறோம்.

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம், கால் நூற்றாண்டு கிடப்பில் இருந்தபின், 2023 ஏப்ரலில் விதிகளோடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகளும் இருக்கின்றன. எந்த உறுப்பினரும் அடுத்த சாதாரணக் கூட்டத்தில் ஒரு பட்டியல் கேட்கலாம். தன் வார்டில் தானப் பத்திரமாக வந்த இடங்கள் எத்தனை, ஒவ்வொன்றின் பத்திர எண், சர்வே எண், பரப்பு, உட்பிரிவு ஆனதா, பட்டா யார் பெயரில், இப்போது இடத்தில் என்ன இருக்கிறது. நகரமைப்புப் பிரிவு பீரோவில் பழைய மனைப்பிரிவுக் கோப்புகள் அனுமதி எண் வரிசையில் இருக்கும்; சிலவற்றில் பச்சை வண்ணம் வெளிறியிருக்கும், எல்லைக் கோடு தெரியும். கடைசி இரண்டு கலங்களை நிரப்ப ஒரு நில அளவையரும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும், தெருவில் இறங்கிப் பார்க்க ஒரு நாளும் போதும். பெரும்பாலான ஊர்களில் அந்தப் பட்டியல் இன்றுவரை கேட்கப்படவில்லை.